பலேனோவா, ஐ20-யா? பாலிசியில் இருந்த ஓர் எண்

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். அவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். வீட்டில் இவரும், பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகளும், முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட மாமியாரும் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போய்வரத் தினமும் முப்பது கிலோமீட்டர். மாதம் ஒருமுறை மாமியாரைத் தஞ்சாவூருக்கு மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். இந்தக் குடும்பத்தின் முதல் கார் இது. ஓட்டப்போவது இவர்தான். ஐந்தரை லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறார்கள். தம்பி அலைந்து தேடியதில் இரண்டு கார்கள் மிஞ்சியிருக்கின்றன.

முதலாவது, திருச்சியில் பழைய கார் விற்பனையாளர் ஒருவரிடம் நிற்கும் மாருதி பலேனோ டெல்டா. பெட்ரோல் வண்டி. 2018 ஜூனில் பதிவானது, டி.என். 14 எண், ஒரே உரிமையாளர், 31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. விலை 4,95,000 ரூபாய். பில் வேண்டுமென்றால் இதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தர வேண்டும், வேண்டாமென்றால் இந்த விலையே போதும் என்கிறார் விற்பனையாளர். ஓராண்டு வாரண்டி தருவதாகவும் சொல்கிறார். தம்பி 10,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டார்.

இரண்டாவது, தஞ்சாவூரில் பணி ஓய்வு பெற்ற ஒருவர் தானே விற்கும் ஹூண்டாய் எலைட் ஐ20. இதுவும் பெட்ரோல், 2018 அக்டோபர் பதிவு, ஒரே உரிமையாளர், 68,000 கிலோமீட்டர். விலை 5,15,000 ரூபாய். இடது பக்க முன் மட்கார்டுக்கு மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். வங்கிக் கடன் அடைந்துவிட்டது என்கிறார், ஆனால் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இன்னும் நீக்கப்படவில்லை.

"பலேனோ பாதிக்கும் குறைவாகத்தான் ஓடியிருக்கிறது. விலையும் குறைவு. பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் 20 சதவீதம் இருப்பதால் பெரிய விபத்து எதுவும் நடந்திருக்காது என்று நினைக்கிறோம். ஐ20-இன் பெயின்ட்தான் சந்தேகமாக இருக்கிறது. ஆனால் மாமியார் இரண்டிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டு ஐ20-தான் சௌகரியம் என்கிறார். எதை வாங்கலாம்?" என்று முடித்திருக்கிறார். இரண்டு கார்களின் ஆர்.சி. நகலையும் நடப்பு பாலிசி நகலையும் கடிதத்தோடு இணைத்திருக்கிறார். அந்த நகல்கள் இல்லாவிட்டால் இந்தப் பதிலை என்னால் எழுதியிருக்க முடியாது.

சகோதரிக்கு,

நான் மெக்கானிக் அல்ல. இன்சூரன்ஸ் கிளெய்ம்களுக்காக வண்டிகளின் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர். அடிபட்ட கார்களையும் தண்ணீரில் மூழ்கிய கார்களையும் பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. அதனால் எந்தக் கார் நல்லது என்ற கேள்வியை நான் கொஞ்சம் வேறு பக்கத்திலிருந்துதான் பார்ப்பேன்: இந்தக் கார் இதுவரை என்னென்ன பட்டிருக்கிறது?

மாடல் என்று பார்த்தால் இரண்டுக்கும் நீங்கள் நினைக்கும் அளவுக்கு வித்தியாசம் கிடையாது. இரண்டிலும் 1,197 சி.சி. நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், ஏறத்தாழ ஒரே சக்தி. இரண்டிலும் டைமிங் செயின்தான். இத்தனை கிலோமீட்டரில் பெல்ட் மாற்ற வேண்டும் என்ற செலவு இரண்டுக்கும் இல்லை. டிக்கி பலேனோவில் 339 லிட்டர், ஐ20-யில் 285 லிட்டர். ஊருக்குப் போகும்போது ஒரு பை கூடுதலாகப் பலேனோவில் ஏறும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம் ஐ20-யில் 50 மில்லிமீட்டர் அதிகம். நீங்கள் அனுப்பிய படத்தில் அந்த வண்டியின் பின் இருக்கைக்குத் தனியாக ஏ.சி. துவாரம் இருப்பது தெரிகிறது. அந்தத் தலைமுறை பலேனோவில் அது கிடையாது. சித்திரை வெயிலில் பின்னால் உட்கார்ந்து தஞ்சாவூர் போகும் உங்கள் மாமியாருக்கு இது சின்ன விஷயம் அல்ல. முழங்கால் மாற்றியவர் சொல்லும் சௌகரியத்தை எந்தப் புத்தகக் கணக்கையும் விட மேலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மைலேஜ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நிறுவனங்கள் அறிவித்த சோதனைக் கணக்கில் பலேனோ லிட்டருக்கு 21.4 கிலோமீட்டர், ஐ20 18.6 கிலோமீட்டர். சாலையில் இரண்டுமே இதைவிடக் குறைவாகத்தான் தரும், ஆனால் இடைவெளி ஏறக்குறைய இப்படியே இருக்கும். நீங்கள் ஆண்டுக்கு 9,000 கிலோமீட்டர் ஓட்டினால் ஐ20-க்குச் சுமார் 63 லிட்டர் கூடுதலாகச் செலவாகும். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் மாதத்துக்கு ஐந்நூற்றுச் சொச்சம் ரூபாய். தெரிந்துகொள்ள வேண்டிய கணக்குதான். முடிவைத் தீர்மானிக்கும் அளவுக்குப் பெரியது அல்ல.

பலேனோ எடை குறைந்த வண்டி, மோதினால் தாங்காது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எடையை மட்டும் வைத்துப் பாதுகாப்பைச் சொல்லிவிட முடியாது. ஆனால் 2021-இல் லத்தீன் என்கேப் என்ற கார் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பு நடத்திய மோதல் சோதனையில் அந்தத் தலைமுறை பலேனோ ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை என்பது உண்மை. பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் ஒருவரிடம் அதைச் சொல்லாமல் விடக்கூடாது. எந்தக் காரை எடுத்தாலும் பின் இருக்கையில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும்.

இதுவரை சொன்னவற்றை வைத்து நீங்கள் எதை எடுத்திருந்தாலும் நான் குறுக்கே பேசியிருக்க மாட்டேன். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது பலேனோவின் பாலிசி நகல்.

20 சதவீதம் என்ன சொல்கிறது

நோ கிளெய்ம் போனஸ் 20 சதவீதம் இருப்பதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கிளெய்ம் வாங்காதவர்களுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடிதான் அந்தப் போனஸ். அது எப்படி ஏறுகிறது என்று பார்ப்போம். கிளெய்ம் இல்லாமல் ஓராண்டு முடிந்தால் அடுத்த பாலிசியில் 20 சதவீதம். பிறகு ஒவ்வோர் ஆண்டும் 25, 35, 45, கடைசியாக 50. அதற்கு மேல் ஏறாது. இடையில் ஒரே ஒரு கிளெய்ம் வாங்கினாலும் அடுத்த புதுப்பித்தலில் பூஜ்ஜியத்துக்கு இறங்கிவிடும். மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும்.

இந்தக் கார் 2018 ஜூனில் பதிவானது. ஒரே உரிமையாளர். கிளெய்மே வாங்கியிருக்காவிட்டால் 2023 ஜூனிலேயே 50 சதவீதத்தைத் தொட்டிருக்கும். இன்றும் 50-இல் நின்றிருக்கும். ஆனால் 2025 ஜூனில் எடுத்த நடப்பு பாலிசியில் 20 இருக்கிறது. அப்படியானால் 2024 ஜூனில் பூஜ்ஜியம். அதற்கு முந்தைய ஓராண்டில், அதாவது 2023 ஜூனுக்கும் 2024 ஜூனுக்கும் நடுவில், ஒரு கிளெய்ம் வாங்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கு முன்னால் வாங்கியிருந்தால் இன்று எண் 25 ஆகவோ அதற்கு மேலாகவோ இருக்கும். அதற்குப் பின்னால் என்றால் பூஜ்ஜியமாக இருக்கும்.

அந்த ஓராண்டுக்குள்தான் 2023 டிசம்பர் வருகிறது. அந்த மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. டி.என். 14 சென்னையின் சோழிங்கநல்லூர் வட்டாரத்தின் எண். பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் வாகன நிறுத்தங்களில் நின்ற கார்களின் கண்ணாடி வரை தண்ணீர் ஏறியதை நேரில் பார்த்தவன் நான். கதவைத் திறந்ததும் உள்ளே இருந்து சேறு வழிந்து காலில் விழும். அந்த வாசனை மறக்காது.

இது ஆதாரம் ஆகாது, சந்தேகம்தான். அந்த ஆண்டு அவர் யார் மீதாவது இடித்து பம்பர் மாற்றியிருக்கலாம். பாலிசி காலாவதியாகி 90 நாட்களுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டிருந்தாலும் போனஸ் போய்விடும். அந்த எண்ணில் ஓடும் கார்கள் பெரும்பாலும் எந்த வெள்ளத்தையும் பார்க்காதவை. ஆனால் சென்னை வண்டி, குறைந்த கிலோமீட்டர், குறைந்த விலை, புதிய சீட் கவர், புதிய தரைவிரிப்பு, அந்த ஓராண்டில் ஒரு கிளெய்ம் என்று இவை எல்லாம் ஒரே காரில் சேர்ந்து நிற்கும்போது கேட்காமல் விடக்கூடாது. புதிய தரைவிரிப்பைக் காரின் சிறப்பு என்று கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்த வரிதான் உறுத்தியது.

கேட்பதற்கு வழி இருக்கிறது. பழைய உரிமையாளரின் 2023, 2024 பாலிசி நகல்களை விற்பனையாளரிடம் கேளுங்கள். என்ன கிளெய்ம், எவ்வளவு தொகை என்று இன்சூரன்ஸ் நிறுவனத்திடமிருந்து உரிமையாளர் கேட்டு வாங்க முடியும். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் இந்த எண்ணுக்கு நடந்த வேலைகள் தேதி, கிலோமீட்டருடன் பதிவாகியிருக்கும். அந்தப் பட்டியலில் 31,000 என்ற கணக்கும் ஒத்துப்போகிறதா என்று தெரிந்துவிடும். பழுதுபார்க்கும் செலவு காரின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் நாங்கள் அதை முழு இழப்பு என்று எழுதுவோம். அப்படி எழுதப்பட்ட வண்டிகள் ஏலத்துக்குப் போய், மலிவாகச் சரிசெய்யப்பட்டு, வெளியூர்களில் விற்பனைக்கு வருவது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

தண்ணீர் ஏறிய காரின் தடயங்கள்

தம்பியைத் திருச்சிக்கு ஒரு கைவிளக்குடன் அனுப்புங்கள். மழை இல்லாத நாளில், பகலில், வண்டியைக் கழுவுவதற்கு முன்னால் போகச் சொல்லுங்கள்.

முதலில் முன் இருக்கையின் சீட் பெல்ட்டைக் கடைசி அங்குலம் வரை வெளியே இழுக்க வேண்டும். காரைச் சுத்தம் செய்பவர்கள் கண்ணில் படும் பாகத்தைத்தான் கழுவுவார்கள். சுருளுக்குள் கிடக்கும் நுனியில் மண் நிறத்தில் ஒரு கோடு இருந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டியதே இல்லை.

அடுத்து இருக்கையைப் பின்னால் தள்ளி அதன் தண்டவாளத்தையும் அடியிலுள்ள போல்ட்களையும் பார்க்க வேண்டும். ஏழு ஆண்டுக் காரின் உட்புறத்தில் துரு இருக்கக் காரணம் கிடையாது. பிறகு டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அதன் குழியில் மண் படிந்திருக்கிறதா, டாஷ்போர்டுக்கு அடியில் ஒயர் இணைப்புகளில் பச்சைப் பூத்திருக்கிறதா, ஹெட்லைட் கண்ணாடிக்குள் நீர்த்தடம் இருக்கிறதா என்று பார்க்கட்டும். கடைசியாக எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு ஏ.சி.யைப் போட்டுப் பத்து நிமிடம் உள்ளே உட்காரட்டும். வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால், எதை மறைக்க என்று யோசிக்க வேண்டும்.

இன்ஜினில் தண்ணீர் போயிருந்தால் மெக்கானிக் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார். எனக்குப் பயம் மின்சாரப் பாகங்களைப் பற்றித்தான். ஏர்பேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி பல கார்களில் கியர் பகுதிக்கு அடியில், தரையோடு தரையாக இருக்கும். முழங்கால் அளவுத் தண்ணீர் உள்ளே வந்தாலே அது மூழ்கிவிடும். காய்ந்ததும் வேலை செய்வது போலத் தெரியும். உள்ளே அரிப்பு மெல்ல நடந்துகொண்டிருக்கும். ஒரு நாள் விபத்து நேரும்போது ஏர்பேக் விரியாமல் போகலாம். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அந்த விளக்கையே துண்டித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

வெள்ளம் இல்லை என்று உறுதியானாலும் பலேனோவில் இன்னொன்று பார்க்க வேண்டும். ஆர்.சி.யில் தயாரிப்பு மாதம் 2018 மார்ச் என்று இருக்கிறது. 2017 டிசம்பர் 1 முதல் 2018 மார்ச் 16 வரை தயாரான பலேனோ, ஸ்விஃப்ட் கார்கள் 52,686-ஐ பிரேக் வேக்குவம் குழாயைச் சோதிப்பதற்காக மாருதி திரும்ப அழைத்தது. இந்தக் காருக்கு அந்த வேலை தேவையா, தேவை என்றால் முடிந்ததா என்று சேசிஸ் எண்ணைச் சொன்னால் மாருதி சர்வீஸ் மையத்தில் சொல்லிவிடுவார்கள்.

பில், வரி, முன்பணம்

பழைய காரை விற்கும் வியாபாரி 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும் என்பது சரி. அது முழு விலைக்கு அல்ல. அவர் வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும்தான். ஒரு பேச்சுக்கு, 4,40,000-க்கு வாங்கி 4,95,000-க்கு விற்றால் அவருக்கு மிச்சம் 55,000 ரூபாய். அதற்கு வரி 9,900 ரூபாய். உங்களிடம் அவர் சொல்லும் கணக்குப்படி 89,100 ரூபாய் வருகிறது. இவ்வளவு பெரிய தொகையைக் கேட்டதும் யாராக இருந்தாலும் பில்லே வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பதிலை வரவழைக்கவே இந்தக் கணக்கு என்று எனக்குத் தோன்றுகிறது.

பில் இல்லாமல் மட்டும் வாங்காதீர்கள். வியாபாரியிடம் வாங்குவதில் உங்களுக்கு இருக்கும் பெரிய பாதுகாப்பே நுகர்வோர் சட்டம்தான். மறைத்து விற்றார் என்று தெரிந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. பில் இல்லாவிட்டால், நீங்கள் அவரிடம்தான் வாங்கினீர்கள் என்பதையே நிரூபிக்கப் போராட வேண்டியிருக்கும். தஞ்சாவூர்க்காரர் வியாபாரி அல்ல, சொந்தக் காரை விற்பவர். அவரிடம் வாங்கினால் இந்த ஆணையத்தின் கதவு உங்களுக்குத் திறக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே வாங்குவதற்கு முன் செய்யும் சோதனைதான் உங்கள் பாதுகாப்பு.

2023 ஏப்ரல் முதல் பழைய கார் வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். ஓராண்டு வாரண்டி எதற்கெல்லாம் பொருந்தும் என்று எழுத்தில் வாங்கிப் படியுங்கள். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் மட்டும் என்றால், தண்ணீர் ஏறிய காரில் முதலில் கெட்டுப்போகும் பாகங்களுக்கு அது உதவாது.

முன்பணம் திரும்பி வருமா என்று கவலைப்பட்டிருந்தீர்கள். தம்பியிடம் இருக்கும் ரசீதில் என்ன நிபந்தனை எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. இப்போதே ஒன்று செய்யுங்கள். "இந்தக் கார் வெள்ளத்தில் நனைந்ததா? 2023-24-இல் வாங்கிய கிளெய்ம் எதற்காக?" என்று வியாபாரிக்கு வாட்ஸ்அப்பில் கேளுங்கள். விற்பவர் வெறுமனே வாய் திறக்காமல் இருந்தால் அதை மோசடி என்று சட்டத்தில் நிறுவுவது கடினம். கேட்ட பிறகு பொய் சொன்னால் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை உங்களுக்கு வருகிறது. பதிலே வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான். பத்தாயிரம் போய்விடுமே என்பதற்காக மீதி 4,85,000 ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். தம்பியைக் கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். நல்ல வண்டி கைநழுவிப் போகக்கூடாது என்றுதான் அவர் கொடுத்திருக்கிறார்.

ஐ20 பற்றி

நீங்கள் சந்தேகப்பட்ட காரில் எனக்குச் சந்தேகம் குறைவு. அதன் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம். போனஸைக் காப்பாற்றும் கூடுதல் கவர் எதுவும் அந்தப் பாலிசியில் சேர்க்கப்படவில்லை. பழைய பாலிசிகளிலும் அந்தக் கவர் இல்லை என்றால், இந்தப் பாலிசிக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளிலாவது அவர் கிளெய்ம் வாங்கவில்லை என்று பொருள். மட்கார்டு பெயின்டும் இதோடு பொருந்துகிறது. சின்ன அடிக்குக் கிளெய்ம் போட்டால் போனஸ் போய்விடும் என்று பலர் கைக்காசு போட்டு டிங்கரிங் செய்துகொள்வார்கள். மட்கார்டு போல்ட்டில் மாட்டியிருக்கும் பாகம்; கழற்றி மாற்றக்கூடியது. காரின் உடற்கட்டுக்கு அதனால் பாதிப்பு வராது. பானெட்டைத் திறந்து, மட்கார்டுக்கு உள்பக்கம் இருக்கும் ஏப்ரன் என்ற தகட்டைப் பாருங்கள். தொழிற்சாலையில் வைத்த வெல்டிங் புள்ளிகள் ஒரே சீராக, வட்டமாக இருக்கும். அங்கே பட்டி பூசியிருந்தாலோ புள்ளிகள் கோணலாக இருந்தாலோ மட்டும் எனக்கு எழுதுங்கள்.

ஏழு ஆண்டுகளில் 68,000 கிலோமீட்டர் என்றால் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் குறைவு. ஒழுங்காக சர்வீஸ் செய்த பெட்ரோல் இன்ஜினுக்கு இது ஓட்டமே அல்ல. செலவு வரக்கூடிய இடங்கள் கிளட்ச் பிளேட், ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் புஷ், டயர், பேட்டரி. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் சொல்லும். நான்கு டயரும் பழையதாக இருந்தால் அந்தச் செலவை விலையில் கழித்துக் கேட்கலாம். பேசுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கிப் புதுக் கார்களின் விலை குறைந்திருக்கிறது. பழைய காரின் விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

வங்கிப் பெயர் நீங்காமல் இருப்பது குற்றம் ஆகாது, முடிக்காமல் விட்ட வேலை. ஆனால் அதை விற்பவர்தான் முடிக்க வேண்டும். வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் கொடுத்துக் கடன் பதிவை நீக்கிய ஆர்.சி. கைக்கு வந்த பிறகு முழுத் தொகையைக் கொடுங்கள். அதற்கு முன்னால் சிறிய முன்பணம் போதும், எழுத்து மூலமான ரசீதோடு. சான்று பழையதாகியிருந்தால் வங்கியில் அவர் புதிதாக வாங்க வேண்டியிருக்கும். வண்டியின் மேல் போக்குவரத்து அபராதம் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்பதையும் அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

என் முடிவைக் கேட்டால், மெக்கானிக் பார்த்துச் சரி என்று சொன்னால் ஐ20. பலேனோவின் 2023-24 கிளெய்ம் வெறும் பம்பர்தான் என்று காகிதத்தோடு நிரூபணமானால் அதுவும் நல்ல கார்தான். அப்போது மாமியாரின் முழங்காலே தீர்ப்புச் சொல்லட்டும்.

யார் பெயரில் வாங்குவது

கணவர் பெயரில் வாங்கலாம், அவர் விடுமுறைக்கு வந்த பிறகு பெயர் மாற்றிக்கொள்ளலாம், அதுவரை பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களை விற்பவரின் கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொண்டால் போதும் என்று தம்பி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த ஓர் இடத்தில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். வேண்டாம்.

விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். அதைவிட முக்கியமானது இன்சூரன்ஸ். கார் கைமாறியதும் மூன்றாம் நபருக்கான காப்பீடு தானாகவே உங்களுக்கு வந்துவிடும். உங்கள் காரின் சேதத்துக்கான காப்பீடு அப்படி வராது. 14 நாட்களுக்குள் விண்ணப்பித்து பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றியாக வேண்டும். பழைய பெயரிலேயே ஓட்டிக்கொண்டிருந்தவர்களின் கிளெய்மை நிராகரித்த கடிதங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காரை இழந்த வீட்டில் போய் அந்தக் காரணத்தை விளக்குவது எனக்கு இன்றும் கஷ்டமான வேலை. விற்பவரின் 50 சதவீதப் போனஸ் அவரோடு போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பாலிசியை மாற்றும்போது அந்தத் தள்ளுபடிக்கான வித்தியாசத்தை உங்களிடம் வசூலிப்பார்கள். அதற்கு முன்கூட்டியே பணம் எடுத்து வையுங்கள்.

உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். பாலிசியோடு கட்டாயமாக எடுக்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் ரூபாய். அது ஓட்டுநர் உரிமம் உள்ள உரிமையாளருக்குத்தான் பொருந்தும். கார் கணவர் பெயரில் இருந்து, ஓட்டியவர் நீங்களாக இருந்து, ஏதாவது நேர்ந்தால் அந்தத் தொகை உங்கள் பிள்ளைகளுக்கு வராது. கணவரிடம் இதைச் சொல்லுங்கள், அவர் மறுக்க மாட்டார். நாமினி என்ற இடத்தில் அவர் பெயரை எழுதுங்கள். பாலிசி உங்கள் பெயருக்கு மாறி, அச்சிட்ட நகல் கைக்கு வந்த பிறகு, தஞ்சாவூரிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வாருங்கள்.